வீட்டுலயே பிள்ளைங்கள படிக்க வைக்கப் போறீங்களா, அப்ப குடும்பமே மாறப்போவுது, அதுக்கு இப்படி தயாராகுங்க

காலையில ஆறேகாலுக்கு எங்க தாமான் (வீடமைப்புப் பகுதி) ரோட்டுல ஸ்கூல் வேன் வந்து ரெண்டு தடவ ஹார்ன் அடிக்கும். ஆறு வருஷமா அந்த ஹார்னுக்குத்தான் எங்க வீடு எழுந்துச்சி, குளிச்சிச்சி, சண்ட போட்டுச்சி, மைலோ குடிச்சிச்சி. 2020 ஜனவரியில பள்ளி தொறந்த அன்னிக்கி அந்த வேன் எங்க வீட்ட தாண்டி போயிடுச்சி, பிள்ளைங்க ரெண்டு பேரும் வீட்டுல இருந்தாங்க. மாறப்போறது பாடம் மட்டும்தான்னு நான் நெனச்சேன். இன்னிக்கி பாத்தா வீட்டுக்காரர் வேல மாறியிருக்கு, காசு வர்ற வழி மாறியிருக்கு, நாங்க சாப்பிடுற நேரம், தூங்குற நேரம், சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல பேசுற பேச்சு எல்லாமே மாறியிருக்கு. யாரும் எங்கள இதுக்கு முன்கூட்டியே தயார் பண்ணல. பாடப்புத்தகம் எங்க வாங்குறது, கணக்கு எப்படி சொல்லிக்குடுக்குறதுன்னு கேட்டா சொல்ல நெறைய பேரு இருக்காங்க, ஆனா பள்ளிக்கூட மணி வீட்ட விட்டு போனதுக்கப்புறம் ஒரு குடும்பம் எந்தப் பக்கம் சாயும், அத எப்படி தாங்கிப் பிடிக்கிறதுன்னு சொல்ல ஆள் இல்ல. நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட்டுல இருக்கேன், தோட்டத்துலேருந்து வந்து தாமான்ல வீடு வாங்குன குடும்பம். எங்கள மாதிரி சின்ன ஊர்ல, சாதாரண சம்பளத்துல இருக்கறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

சட்டத்த மொதல்ல பாருங்க

இத முடிக்காம வேற எதையும் ஆரம்பிக்காதீங்க. 1996 கல்விச் சட்டத்துல கொண்டு வந்த திருத்தத்தால 2003லேருந்து மலேசியால ஆரம்பக்கல்வி கட்டாயம். பிள்ளைய ஒண்ணாம் ஆண்டுல சேக்கலன்னாலோ ஆறு வருஷம் தொடந்து அனுப்பலன்னாலோ பெத்தவங்களுக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் சேந்து. அதே சட்டத்துல அமைச்சர் விலக்கு குடுக்கலாம்னும் இருக்கு, அதனால மனு போடணும், சும்மா பள்ளிக்கு அனுப்பாம நிறுத்திடக் கூடாது. எங்க மகனுக்கு அப்ப எட்டு வயசு, ஆஸ்துமா ரொம்ப மோசம், மாசத்துல பாதி நாள் நெபுலைசர்ல இருந்தான். ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் கடிதம், நாங்க என்ன பாடம் எப்படி சொல்லிக்குடுக்கப் போறோம்னு ஒரு திட்டம், பிறப்புப் பத்திர நகல், எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு கல்வி இலாகாவுக்கு நடந்தோம். குடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் எடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு முத்திரையும் போட்டு வாங்கி வச்சிக்குங்க, இது ரொம்ப முக்கியம்.

மூத்தவ கத வேற. அவ 2019ல ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யூபிஎஸ்ஆர் எழுதுனவ, அதுதான் கடைசி யூபிஎஸ்ஆர்னு அப்ப யாருக்கும் தெரியாது, 2021ல அத ரத்தே பண்ணிட்டாங்க. ஆறாம் ஆண்டு முடிச்சிட்டா, அப்ப இடைநிலைப்பள்ளி கட்டாயம் இல்ல, தம்பி கூட நானும் வீட்டுல படிக்கிறேன்மான்னு அவளே கேட்டா. இப்ப அந்த நெலம இல்ல, 2025ல இடைநிலைக்கல்வியையும் கட்டாயமாக்குற திருத்தம் நாடாளுமன்றத்துல நிறைவேறிடுச்சி. அதனால என் மகளப் பாத்து நீங்க அப்படியே செய்ய முடியாது. உங்க பிள்ளை வயசுக்கு இப்ப என்ன விதின்னு மாவட்டக் கல்வி இலாகாவுக்கு நேராவே போய் கேளுங்க, வாட்ஸ்அப்ல யாரோ சொன்னத நம்பாதீங்க.

மொத மூணு மாசம்

நான் பண்ண பெரிய தப்பு இங்கதான். ஹால்ல வெள்ளப்பலகை மாட்டுனேன், கால அட்டவணை ஒட்டுனேன், 7.30க்கு வகுப்பு, 10.00க்கு ரீசஸ், மணிக்கு பதிலா போன்ல அலாரம். ரெண்டாவது வாரமே மகன் பலக முன்னாடி ஒக்காந்து அழுதுட்டான், "அம்மா, நீங்க வீட்டுல இருக்கும்போது அம்மாவாவே இருங்கம்மா"ன்னான். அன்னிக்கி ராத்திரி அந்த அலாரத்த அழிச்சேன்.

அமெரிக்காவுல ஜான் ஹோல்ட்னு ஒருத்தர், வாத்தியார் வேல பாத்தவரு, 1977ல பள்ளிக்கூடம் இல்லாம வளர்ற பிள்ளைங்களுக்காகவே ஒரு பத்திரிக்க ஆரம்பிச்சாரு. வீட்டுக்கல்வின்னா பள்ளிக்கூடத்த தூக்கிட்டு வந்து ஹால்ல வைக்கிறது கெடையாதுங்கறத அங்கேருந்துதான் நெறைய பெத்தவங்க கத்துக்கிட்டாங்க. பிள்ளை பள்ளியில இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாசம் சும்மா விடுங்கன்னு வீட்டுல படிக்க வைக்கிறவங்க மத்தியில ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பாத்தா என் மகளுக்கு ஆறு மாசம் வரும். அவ்வளவு நாள் விட எனக்கு மனசு வரல, மூணு மாசம் விட்டேன், அதுவே போதுமானதா இருந்துச்சி. சும்மா விடறதுன்னா போன குடுத்து ஒக்கார வைக்கிறது இல்ல. கத படிச்சிக் காட்டுங்க, மார்க்கெட்டுக்கு கூட்டிட்டுப் போங்க, சமைக்க விடுங்க, தூங்கணும்னா தூங்க விடுங்க. நீங்க அந்த நேரத்துல ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க, பிள்ளை எத்தன மணிக்கு தானா எழுந்திரிக்குது, எந்த நேரத்துல மூளை நல்லா ஓடுது, எதப் பத்தி திரும்பத் திரும்ப கேக்குதுன்னு. எங்க மகன் காலையில மந்தம், மத்தியானம் மூணு மணிக்கு மேல கேள்வியா கேப்பான். பள்ளியில அவன் வீக்கா இருந்ததுக்கு பாதி காரணம் அதுதானோன்னு இப்ப தோணுது.

நாங்க ஆரம்பிச்சி ரெண்டு மாசத்துல, மார்ச் 18ஆம் தேதி கோவிட்டால நடமாட்டக் கட்டுப்பாடு வந்துச்சி, நாட்டுல எல்லாப் பிள்ளைங்களும் வீட்டுல. அப்ப போன்ல லிங்க் அனுப்பி பாடம் நடந்துச்சில, அத வச்சி வீட்டுக்கல்வி இப்படித்தான் இருக்கும்னு முடிவு பண்ணிடாதீங்க, அது பள்ளிக்கூடம் போன் வழியா வந்தது, வேற விஷயம்.

நேரம் மாறும், அப்புறம் வேல மாறும்

இதுதான் யாரும் சொல்லாதது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். பள்ளிக்கூடம் போனா என்ன ஆவுது, வீட்டுக்கு ஒரு மணி கெடைக்குது, அந்த மணியோட அப்பா அம்மா வேல நேரம் பொருந்திடுது. அந்த மணி போன ஒடனே, வீட்டுல இருக்கற மத்த மணிங்க மேலயும் கேள்வி வரும். எங்க வீட்டுக்காரர் ஈப்போ பக்கம் ஃபேக்டரியில ஷிப்ட் வேல, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. முன்னாடி பிள்ளைங்க பள்ளிக்கு போயிடும், அவரு தூங்குவாரு, யாரும் யாரையும் பாக்க மாட்டோம், அது சாதாரணமா தெரிஞ்சிச்சி. பிள்ளைங்க வீட்டுல இருக்க ஆரம்பிச்சப்புறம்தான், அப்பா ஏன் எப்பயும் தூங்குறாருன்னு மகன் கேட்டான். அந்த ஒரு கேள்விதான் ஒன்னர வருஷம் கழிச்சி அவர வேலைய விட வச்சிச்சி.

ஆனா அவரு ஒடனே விடல, நீங்களும் அப்படி விடாதீங்க. நாங்க பண்ணது இதுதான். மொதல்ல ஆறு மாசம் அவரு சம்பளத்துல பாதிய தொடாம வச்சி, மீதி பாதியில வாழ்ந்து பாத்தோம். ஆஸ்ட்ரோ டிவிய நிறுத்துனோம், கார் ஒண்ணு வித்துட்டு மோட்டார் வச்சிக்கிட்டோம், ஞாயித்துக்கிழம ஈப்போ மால் சுத்துறத விட்டோம். அந்த ஆறு மாசத்துல கடன் வாங்காம ஓட்ட முடிஞ்சாத்தான் அடுத்த அடி, முடியலன்னா இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க. அதே நேரத்துல அவரு லீவு நாள்ல ஏர்கோண்ட் கழுவுற வேல எடுத்தாரு, ஃபேக்டரியில மெயின்டெனன்ஸ்ல இருந்ததால கை வேல தெரியும். அனுபவத்த வச்சே மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க திறன் மேம்பாட்டு இலாகாவுல வழி இருக்கு, முந்தைய அனுபவத்த அங்கீகரிக்கிற முறைன்னு கேட்டா சொல்லுவாங்க. இத பிள்ளைங்களுக்காகவும் ஞாபகம் வச்சிக்குங்க, பின்னாடி ஒதவும்.

நான் தோச மாவு விக்க ஆரம்பிச்சேன், அப்புறம் முறுக்கு, தீபாவளிக்கு அதிரசம். எஸ்எஸ்எம்ல, அதாவது நிறுவனங்கள் ஆணையத்துல, வியாபாரத்த பதிஞ்சிடுங்க, சொந்தப் பேர்ல பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளி, வியாபாரப் பேர் வச்சா 60 வெள்ளி, பெரிய வேல ஒண்ணும் கெடையாது. சாப்பாட்டுச் சாமான் விக்கிறீங்கன்னா உணவு கையாளுறவங்களுக்கான பயிற்சிக்குப் போங்க, டைபாய்டு ஊசியும் போட்டுக்குங்க, ரெண்டும் சட்டப்படி வேணும்.

கணக்க மக கையில குடுத்தேன், அப்ப அவளுக்கு பதினாலு வயசு. மொத மாசம் நான் பெரிய சந்தோஷத்துல இருந்தேன், 312 வெள்ளி லாபம்னு டப்பாவுல காசு இருந்துச்சி. அவ நோட்ட தொறந்து கேஸ் தோம்பு, கரண்டு, பிளாஸ்டிக் பை, மோட்டாருக்கு பெட்ரோல், இலவசமா குடுத்த ஏழு பாக்கெட், எல்லாத்தையும் ஒண்ணொண்ணா கழிச்சா. கடைசியில 140 வெள்ளின்னு எழுதி, அதுக்கு கீழ ரெண்டு கோடு போட்டா. "அம்மா, ஒரு மணி நேரத்துக்கு நீங்க ரெண்டு வெள்ளி கூட சம்பாதிக்கல"ன்னு சொன்னா. மாவு பாக்கெட் வெலய அன்னிக்கே 50 சென் ஏத்துனோம். சராசரி, விழுக்காடு, லாப நட்டம் எல்லாம் நான் தனியா ஒரு நாள் கூட அவளுக்கு சொல்லிக்குடுக்கல.

சம்பள வேலைய விட்டா ரெண்டு விஷயம் கையவிட்டுப் போவும், ஓய்வுக்கால சேமிப்பான ஈபிஎஃப், வேலையில அடிபட்டா ஒதவுற சொக்சோ. பின்னாடி வயசான காலத்துல இதுதான் கடிக்கும். சொந்தத் தொழில் பண்றவங்க தாங்களா ஈபிஎஃப் கட்டலாம், ஐ-சாரான் திட்டத்துல பதிஞ்சா அரசாங்கமும் ஒரு பங்கு போடும். சொக்சோவுலயும் சொந்தத் தொழில் செய்யிறவங்களுக்கு தனி பாதுகாப்பு இருக்கு, அதுக்கு 2017லயே சட்டம் வந்துடுச்சி. ஏணி மேல ஏறி ஏர்கோண்ட் கழுவுற மனுசனுக்கு இது இல்லாம நான் வீட்ட விட்டு அனுப்ப மாட்டேன்.

பாட்டியும் ஒரு வாத்தியார்தான்

எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா, பதினாறு வயசுலேருந்து ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க. பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு, விடியறதுக்கு முன்னாடி போயி நிப்பாங்களாம், பிள்ளைங்கள ஆயாக்கொட்டகையில விட்டுட்டு. எழுதப் படிக்க தெரியாது. எனக்கு கல்யாணம் ஆகி வந்த காலத்துலேருந்து, பிள்ளைங்க படிக்கும்போது அவங்க ஒதுங்கி பின்கட்டுல போயி ஒக்காந்துக்குவாங்க, எனக்கு என்னா தெரியும்னு சொல்லிக்கிட்டு. வீட்டுல படிக்க ஆரம்பிச்சப்புறம் நான் தெரிஞ்சே செஞ்ச ஒரு காரியம், அவங்கள பாடத்துக்குள்ள கொண்டு வந்தது.

தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்கிட்ட மூணு ஏக்கர் ரப்பர் இன்னும் இருக்கு, சுத்தி எல்லாம் செம்பனையாப் போச்சி. ஒரு நாள் விடிகால அஞ்சரைக்கு அத்தைய கூட்டிக்கிட்டு மூணு பேரும் போனோம், மகன் தலையில டார்ச்சு. அத்தை கத்திய வாங்கி விரலால கூர் பாத்துட்டு, மரத்துல கைய வச்சி தடவி, ஒரு தடவ இழுத்தாங்க. பட்டை சீவல் காகிதம் மாதிரி சுருண்டு விழுந்துச்சி, அந்தக் கோடு பூரா வெள்ளையா புள்ளி புள்ளியா எட்டிப் பாத்து, அப்புறம் ஒண்ணா சேந்து தகரத்து வழியா மங்குல (பால் பிடிக்கிற கிண்ணம்) சொட்ட ஆரம்பிச்சிச்சி. ஏன் பாட்டி சாஞ்சி வெட்டுறீங்கன்னு மகன் கேட்டான். இடது பக்கம் ஒசரம், வலது பக்கம் தாழ்வு, அப்படி வெட்டுனாத்தான் பால் அதிகம்னு அவங்க சொன்னாங்க, ஏன்னு அவங்களுக்கும் தெரியாது. அவன் பையிலேருந்து கோணமானிய எடுத்து பட்டையில வச்சான், 30 பாகைக்கு ஒரு கோடு கம்மி. அடுத்த மரத்துல வச்சான், அதுவும் 30 பக்கம்தான். கண்ணால பாத்து, இருட்டுல, நாப்பது வருஷமா ஒரே கோணம். பாட்டி சிரிச்சாங்க, "எங்க மண்டோரு கண்ணாலயே பாப்பாருடா, கொஞ்சம் பெசகுனா ஏச்சுதான்"னாங்க, மண்டோருன்னா தோட்டத்துல வேலைய மேற்பார்வை பாக்குறவரு.

வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தோம். பட்டைக்குள்ள பால் ஓடுற குழாய்ங்க நேரா நிக்காது, லேசா ஒரு பக்கமா சுத்திக்கிட்டு ஏறும், அதனாலதான் இடது ஒசந்து வலது தாழ்ந்து வெட்டுனா அதிக குழாய் அறுபடும். விடிகாலையில ஏன் வெட்டுறாங்கன்னா, வெயில் ஏறாதப்ப மரத்துக்குள்ள தண்ணி அழுத்தம் அதிகம், பால் நல்லா வரும். ரொம்ப ஆழமா வெட்டுனா பட்டைய வளக்குற பசை அடுக்கு காயப்படும், மரம் முண்டு முண்டா ஆயிடும். பாட்டி சொன்ன ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்துச்சி, அத அவங்களுக்கு படிச்சிக் காட்டுனப்போ, "அப்படியா, அதான் விஷயமா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

அது அங்க நிக்கல. எங்க ஊர்லேருந்து அரை மணி நேரம் கூட இல்ல கோலகங்சார், அங்க 1877ல நட்ட ரப்பர் மரங்கள்ல ஒண்ணு இன்னும் நிக்குது. பிரேசில்லேருந்து 1876ல வெத லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயி, அங்க மொளச்ச கன்னுங்க சிங்கப்பூருக்கு வந்து, அங்கேருந்து இங்க. மகன் உலகப் படத்துல நூல் கட்டி காமிச்சான். அப்புறம் அந்த மரத்துக்கு பால் வெட்ட ஆள் எங்கேருந்து வந்தாங்கன்னு கேள்வி வந்துச்சி, அந்த நூல நாகப்பட்டினத்துலேருந்து பினாங்கு வரைக்கும் பாட்டிதான் இழுத்துக் கட்டுனாங்க, அவங்க அப்பா கப்பல்ல வந்த கதைய சொல்லிக்கிட்டே. ரெண்டு வாரம் வேற பாடமே நடக்கல. அதுக்கப்புறம் அத்தை பின்கட்டுல போயி ஒக்காறது இல்ல.

நீங்களும் உங்க வீட்டுல பாருங்க, தாத்தா லாரி ஓட்டுனவரா, பெரியம்மா தையல் தச்சவங்களா, மாமா தண்டவாளத்துல வேல பாத்தவரா. ஒரு கேள்விய எழுதிக் குடுத்து பிள்ளைய அவங்ககிட்ட அனுப்புங்க, கூடவே ஒரு அளக்குற சாமானும் குடுங்க, அளவுகோல், தராசு, கடிகாரம், ஏதோ ஒண்ணு. அளக்க ஆரம்பிச்சா பெரியவங்களுக்கே பேச்சு வந்துடும். வெளியில போறதுக்கும் பேராக்ல கொற இல்ல. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012லேருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, கிட்டத்தட்ட 11,000 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த பேராக் மனிதனோட எலும்புக்கூடு அங்கதான் கெடச்சிச்சி. தைப்பிங் அருங்காட்சியகம் 1883ல ஆரம்பிச்சது. நாட்டோட மொத ரயில் 1885ல தைப்பிங்லேருந்துதான் ஓடுச்சி. ஈப்போவுல துன் ரசாக் நூலகம். வார நாள்ல போங்க, கூட்டமே இருக்காது, வேல செய்யிறவங்க பிள்ளைங்ககிட்ட நின்னு பேசுவாங்க.

சோதனை, சான்றிதழ்

வீட்டுல படிக்கிறதுன்னா சான்றிதழே வேணாம்னு சில பேர் இருக்காங்க, நான் அந்தப் பக்கம் இல்ல. நம்ம பிள்ளைங்களுக்கு கையில ஒரு தாள் வேணும். ரெண்டு வழி இருக்கு. கேம்பிரிட்ஜோட அனைத்துலகத் தேர்வான ஐஜிசிஎஸ்இ எழுதலாம், வீட்டுக்கல்வி குடும்பங்க நெறைய பேரு அதத்தான் எடுக்குறாங்க, ஆனா ஒரு பாடத்துக்கே பல நூறு வெள்ளி ஆவும். அஞ்சாம் படிவ அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம்ம பள்ளி வழியா இல்லாம தனியார் தேர்வாளரா எழுதலாம், செலவு அதவிட ரொம்பக் கம்மி, நாங்க அததான் எடுத்தோம். எதையும் எடுக்குறதுக்கு முன்னாடி இத மனசுல வைங்க, எஸ்.பி.எம்ல மலாயும் வரலாறும் தேறலன்னா சான்றிதழே கெடைக்காது. வீட்டுல தமிழும் இங்கிலீசும் பேசிக்கிட்டு மலாய விட்டுடுற குடும்பங்கள நான் பாத்திருக்கேன், பதினேழு வயசுல வந்து தவிக்கும் அந்தப் பிள்ளைங்க. எங்க மகளுக்கும் மலாய்தான் வீக். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக்கிட்ட தெனம் ஒரு மணி நேரம் அனுப்புனேன், பலகாரம் செய்யக் கத்துக்கிட்டே பேச்சு வந்துச்சி, கட்டுரைக்கு மட்டும் டியூஷன் வச்சோம். 2024 எஸ்.பி.எம் எழுதுனா, தமிழும் தமிழ் இலக்கியமும் சேத்து. பதிவு தேதிய விட்டுடாதீங்க, தனியார் தேர்வாளருக்கு யாரும் வீட்டுக்கு வந்து ஞாபகப்படுத்த மாட்டாங்க.

சொந்தக்காரங்க

கல்யாண வீட்டுல மொத கேள்வியே "எந்த ஸ்கூலும்மா"தான். பிள்ளை முழிச்சா ஒடனே எல்லாரும் உங்கள பாப்பாங்க. அதனால முன்னாடியே பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லிக் குடுங்க, "வீட்டுல படிக்கிறேன் அத்தை, அம்மாவும் பாட்டியும் சொல்லிக்குடுக்குறாங்க, எஸ்.பி.எம் எழுதுவேன்"ன்னு, அவ்வளவுதான், விளக்கம் வேணாம். எங்க பெரிய நாத்தனாரு மூணு வருஷம் என்கிட்ட சரியா பேசல, தம்பி வேலைய விட்டதுக்கு நான்தான் காரணம்னு. நான் வாதம் பண்ணல, வருத்தம் இருந்துச்சி, ராத்திரியில அழுதும் இருக்கேன். அவங்க மகனுக்கு கணக்குல ஒதவி தேவப்பட்டப்போ என் மக தெனம் போயி சொல்லிக்குடுத்தா, அப்பதான் பேச்சு வந்துச்சி. இது எல்லாருக்கும் நடக்கும்னு சொல்ல முடியாது. கொஞ்ச பேர இழக்க வேண்டி வரலாம், அதுக்கு மனச தேத்திக்கிட்டு எறங்குங்க.

கூட்டாளிங்க இல்லாம போயிடுவாங்களேன்னு கேப்பாங்க. அது நாம பாத்து செய்யிற வேல, தானா நடக்காது. எங்க மகன் கோயில் தேவார வகுப்புக்குப் போறான், சாயங்காலம் தாமான் திடல்ல பந்து, வாரத்துல ரெண்டு நாள் சிலம்பம். இதெல்லாம் ஏற்பாடு பண்ணாம ஒரு மாசம் விட்டீங்கன்னா பிள்ளை சுருங்கிடும், நான் கண்ணால பாத்தேன்.

யாருக்கு இது வேணாம்னும் சொல்லிடறேன். கணவன் மனைவிக்குள்ள இதப்பத்தி ஒத்த கருத்து இல்லன்னா வேணாம். வீட்டுல குடி, அடிதடி இருந்தா பிள்ளைக்கு பள்ளிக்கூடம்தான் பாதுகாப்பான எடம், அங்கேருந்து எடுக்காதீங்க. ஒத்த ஆளா சம்பாதிக்கிற அம்மா, பாத்துக்க வேற ஆள் இல்லன்னா, ரொம்ப யோசிச்சி பண்ணுங்க.

தமிழ்ப்பள்ளிய என்னா பண்றது

எனக்கு ரொம்ப நாள் உறுத்துனது இதுதான். நம்ம தோட்டத்துப் பள்ளிங்க நெறைய சின்னப் பள்ளிங்க, 150 பிள்ளைங்களுக்கு கீழ இருந்தாலே அரசாங்கக் கணக்குல மாணவர் குறைஞ்ச பள்ளி, அதுல நாப்பது அம்பதுன்னு ஓடுற பள்ளிங்களும் இருக்கு. அங்கேருந்து ஒரு பிள்ளைய எடுக்குறது கே.எல்ல ஒரு பெரிய பள்ளியிலேருந்து எடுக்குற மாதிரி இல்ல. லயத்துல ஒரு கொட்டாயில, தொழிலாளிங்களே தூக்கி நிறுத்துன பள்ளி, நானும் வீட்டுக்காரரும் படிச்ச பள்ளி. மகன எடுத்த அன்னிக்கி தலைமையாசிரியை என் கையப் பிடிச்சிக்கிட்டு ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சி எனக்கு.

அதனால நாங்க ஒரு முடிவு எடுத்தோம், நீங்களும் எடுக்கணும்னு கேட்டுக்குறேன். பிள்ளைய எடுத்தாலும் குடும்பத்த பள்ளியிலேருந்து எடுக்காதீங்க. எல்லாரும் கூடி துப்புரவு வேல செய்யிற கோத்தோங் ரோயோங்குக்கு போங்க, விளையாட்டுப் போட்டி நாள்ல தண்ணி ஊத்தப் போங்க. எங்க வீட்டுக்காரர் வகுப்பறை ஏர்கோண்ட வருஷத்துக்கு ரெண்டு தடவ காசு வாங்காம கழுவிக் குடுக்குறாரு. ஒண்ணாம் ஆண்டுல சேக்க வயசு வந்த பிள்ளை பக்கத்துல இருந்தா, அந்த வீட்டுக்குப் போயி தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கன்னு நானே பேசிட்டு வருவேன். வீட்டுல படிக்க வைக்கிறவ வந்து இத சொல்றாளேன்னு ஒருத்தர் கேட்டாரு. எங்க மகனுக்கு நெஞ்சு தாங்கல, உங்க பிள்ளை நல்லா ஓடுதே, அனுப்புங்கன்னு சொன்னேன், அந்தப் பொண்ணு இப்ப ரெண்டாம் ஆண்டு.

எங்க மக எஸ்.பி.எம் முடிச்சதுலேருந்து சனிக்கிழம காலையில பள்ளிக்குப் போயி சின்னப் பிள்ளைங்களுக்கு கத படிச்சிக் காட்டுறா, தலைமையாசிரியைதான் கேட்டாங்க. பதினோரு பிள்ளைங்க, நூலகத்துல பாய விரிச்சி ஒக்காருவாங்க. போன வாரம் தம்பியும் கூடப் போனான், பாட்டியோட பால் வெட்டுற கத்திய துணியில சுத்தி எடுத்துக்கிட்டு, கூடவே ஒரு மங்கு, கோணமானி. பாட்டியையும் அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்கன்னு பிள்ளைங்க கேட்டிருக்காங்க, அத்தை இன்னிக்கே பொடவைய எடுத்து இஸ்திரி போடச் சொல்லி குடுத்துட்டாங்க.